பத்து வருடம் நிற்காத கண்டுபிடிப்பைப் பள்ளிப் பிள்ளைகளிடம் சொல்லலாமா?

அயனாவரம்_வாத்தியார்

ஒரு விஷயத்தைப் பொதுவில் வைத்துச் சண்டை போட்டுவிடலாம் என்றுதான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

பணியில் இருந்தவரை இயற்பியல் நடத்தினேன். இப்போது வடசென்னைப் பள்ளிகள் கூப்பிட்டால் போய் ஒரு மணி நேரம் வானத்தைப் பற்றிப் பேசுவேன். மேகம் வழிவிட்டால் தொலைநோக்கியில் நிலாக் குழிகளையும் சனி வளையத்தையும் காட்டிவிட்டு வருவேன். இந்தக் கல்வியாண்டிலிருந்து ஒரு விதி வைத்திருக்கிறேன்: அறிவித்துப் பத்து வருடம் ஆகாத எந்தக் கண்டுபிடிப்புக்கும் என் பேச்சில் இடமில்லை.

காரணம் இருக்கிறது. 2014 மார்ச்சில் தென் துருவத்து பைசெப்2 தொலைநோக்கிக் குழு, பெருவெடிப்பின் முதல் கணத்து ஈர்ப்பலைகளின் தடம் கிடைத்துவிட்டது என்றது. அடுத்த வருடமே, அவர்கள் பார்த்தது நம் பால்வெளியின் தூசு என்றாகிவிட்டது. 2020 செப்டம்பரில் வெள்ளிக் கோளின் மேகங்களில் பாஸ்பீன், ஒருவேளை உயிர் என்றார்கள். தரவைத் திரும்பச் சீர்செய்ததும் அளவு பல மடங்கு இறங்கியது. வேறு சில குழுக்களின் கண்ணில் அது படவே இல்லை. இன்றுவரை இழுபறிதான். 2025 ஏப்ரலில் கேம்பிரிட்ஜில் நிக்கு மதுசூதனின் குழு, 124 ஒளியாண்டு தூரத்தில் உள்ள கே2-18பி கோளின் காற்றில் டைமெத்தில் சல்ஃபைடின் அறிகுறி தெரிகிறது என்றது. பூமியில் அந்த வாயு பெரும்பாலும் கடல் நுண்ணுயிர்களிடமிருந்து வருவது. உடனே உலகம் முழுக்க 'வேற்றுக்கோளில் உயிர்' என்று தலைப்பு. சில வாரங்களுக்குள் மற்றவர்கள் அதே தரவை அலசி, அப்படி உறுதியாக எதுவும் இல்லை என்றார்கள்.

இப்போது எந்தப் பள்ளிக்குப் போனாலும் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, "சார், அந்த அட்லஸ் ஏலியன் கப்பல்தானே?" என்கிறான். 2025இல் சூரியக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்த அட்லஸ் வால்மீனைத்தான் சொல்கிறான். பேச்சில் பாதி நேரம் யூடியூபைக் கழுவி ஊற்றுவதிலேயே போய்விடுகிறது. 'கிடைத்துவிட்டது', 'இல்லை, இல்லை' என்று மாற்றி மாற்றிக் கேட்கிற பிள்ளை, நாளைக்குத் தடுப்பூசியைப் பற்றிச் சொன்னாலும் இப்படித்தானே என்று நினைக்கும். முதலில் கெப்ளர், நியூட்டன், நிறமாலை நிற்கட்டும். வியப்பெல்லாம் அப்புறம்.

மறுப்பவர்கள் வரலாம்.

தரமணி_தவளை

வணக்கம் சார். ரேடியோ வானியலில் ஆய்வு மாணவன். உங்கள் விதிப்படி போனால் என்ன ஆகும் என்று கொஞ்சம் ஓட்டிப் பார்க்கலாம்.

அமெரிக்காவின் லைகோ கருவி ஈர்ப்பலையைப் பிடித்தது 2015 செப்டம்பர் 14. அறிவித்தது 2016 பிப்ரவரியில். அதாவது நோபல் பரிசே கொடுத்து முடித்து எட்டு வருடம் கழித்துத்தான் உங்கள் பிள்ளைகள் அதைக் கேட்கலாம். எம்87 கருந்துளையின் படம் 2019 ஏப்ரலில் வந்தது. 2029 வரை ஆரஞ்சு வளையத்தைக் காட்டக்கூடாது. அதற்குள் இன்றைய எட்டாம் வகுப்பு, பள்ளிப் படிப்பை முடிக்கிற கட்டத்துக்குப் போய்விடும். ஆறின கஞ்சி பழங்கஞ்சி, சார்.

ஆனால் என் உண்மையான மறுப்பு வேறு. பத்து வருடம் என்பது வடிகட்டியே அல்ல. அதற்கு நம் ஊரிலேயே சாட்சி இருக்கிறது.

நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் வானிலை மையம் இருக்கிறதல்லவா, ரமணன் சார் மழை சொல்லிக்கொண்டிருந்த அதே வளாகம், அங்கேதான் 1792இல் மதராஸ் வான் ஆய்வகம் கட்டினார்கள். கட்டடம் போய்விட்டது. கருவியைத் தாங்கிய கருங்கல் தூண் மட்டும் இன்னும் நிற்கிறது. தூணில் தமிழிலும் கல்வெட்டு உண்டு. அனுமதி வாங்கி ஒரு தடவை உள்ளே போய்ப் பார்த்தேன். உச்சியை அண்ணாந்துதான் பார்க்க வேண்டும், அவ்வளவு உயரம். கருவி அசையாமல் இருக்கத்தான் அவ்வளவு கனத்தில் செய்திருக்கிறார்கள்.

அந்த ஆய்வகத்தை நடத்திய கேப்டன் ஜேக்கப் 1855இல் ஒரு அறிவிப்பு விட்டார். 70 ஒஃபியூக்கி என்ற இரட்டை விண்மீன், கணக்குப்படி போகாமல் கொஞ்சம் விலகிப் போகிறது, கண்ணுக்குத் தெரியாத ஒரு கோள் அங்கே இருக்க வாய்ப்பு மிக அதிகம் என்று. சூரியனைத் தாண்டி ஒரு கோள்! சூரியன் மாதிரி வேறு விண்மீனைச் சுற்றுவதாக 1995இல் முதலில் கண்ட 51 பெகாசி கோளுக்கு 140 வருடம் முந்தி, நுங்கம்பாக்கத்திலிருந்து! 1890களில் அமெரிக்காவில் தாமஸ் சீ என்பவர் அதே விண்மீனில் அதே மாதிரி அறிவித்தார். 1899இல் மோல்டன் கணக்குப் போட்டு, அவர் சொல்கிற பாதையில் ஒரு பொருள் நிலைத்துச் சுற்றவே முடியாது என்று காட்டிய பிறகுதான் கதை முடிந்தது. நாற்பத்து நான்கு வருடம் சார். உங்கள் விதியை நாலு தடவை தாண்டிவிட்ட தப்பு.

அதே ஆய்வகத்தில் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஆர் ரெட்டிகுலி என்ற மாறொளி விண்மீனைக் கண்டுபிடித்தார். அது அன்றைக்கும் சரி, இன்றைக்கும் சரி. முதல் நாளே பிள்ளைகளிடம் சொல்லியிருந்தாலும் ஒன்றும் கெட்டிருக்காது. 1874இல் வெள்ளி சூரியனைக் கடக்கப்போகிறது என்று, நடப்பதற்கு முன்பே இந்திய மொழிகளில் புத்தகம் எழுதிப் பொதுமக்களுக்கு விளக்கியவரும் அவரேதான்.

அம்பத்தூர்_குவாலிட்டி

வாத்தியார் பக்கம் ஒரு ஓட்டு. தொழிற்பேட்டையில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன், வானியல் என் வேலை இல்லை. அளவீட்டுப் பிழையோடுதான் தினமும் குடும்பம் நடத்துகிறேன்.

தவளைத் தம்பி சொன்ன ஜேக்கப் கதை வாத்தியாருக்குத்தான் சாதகம். பத்து வருடம் போதாது, ஐம்பது வையுங்கள் என்றுதான் அது சொல்கிறது :)

கே2-18பி விஷயத்தில் எனக்கு எரிச்சல் வந்தது ஒரே ஒரு இடத்தில். 'மூன்று சிக்மா' என்றார்கள். பத்திரிகைகள் அதை 'விஞ்ஞானிகள் 99.7 சதவீதம் உறுதி' என்று எழுதின. அது அப்படியே தப்பு. மூன்று சிக்மா என்றால், அந்த வாயு அங்கே இல்லவே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், வெறும் இரைச்சலே இப்படி ஒரு மேடு பள்ளத்தைக் காட்ட ஆயிரத்தில் மூன்று வாய்ப்பு இருக்கிறது என்று மட்டும்தான் பொருள். உயிர் இருக்கிறதா என்பதற்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமே கிடையாது. துகள் இயற்பியலில் 'கண்டுபிடித்தோம்' என்று சொல்ல ஐந்து சிக்மா கேட்பார்கள். அது ஏறக்குறைய 35 லட்சத்தில் ஒன்று.

அதோடு இன்னொன்று. நீங்கள் கையில் வைத்திருக்கிற பட்டியலில் உள்ள வாயுக்களை மட்டும் பொருத்திப் பார்த்தால், அதில் ஒன்று கட்டாயம் 'நன்றாகப் பொருந்தும்'. மற்ற குழுக்கள் பட்டியலை நீட்டியதும் வேறு பல மூலக்கூறுகளும் அதே வளைவில் உட்கார்ந்துவிட்டன. எங்கள் லைனில் ஒரு ஷாஃப்ட் விட்டம் தப்பாக வந்தால், மெஷினைக் கைவைப்பதற்கு முன்னால் மைக்ரோமீட்டரைத்தான் சரிபார்ப்போம். இவர்கள் நேராக மைக்கைப் பிடிக்கிறார்கள்.

தரமணி_தவளை

அண்ணா, அறிவிப்பு வந்த தொனி எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் அந்த ஆய்வுக் கட்டுரையிலேயே மூன்று சிக்மா என்று எழுதி, ஐந்துக்குப் போக ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியில் நேரம் இன்னும் வேண்டும் என்றும் சொல்லியிருந்தார்கள். மைக்ரோமீட்டரைச் சரிபார்க்க ஊரைக் கூப்பிட்டால்தான் ஊர் வந்து சரிபார்க்கும். தரவு திறந்து கிடந்ததால்தான் சில வாரத்தில் மற்றவர்கள் அலசினார்கள்.

அதைவிடச் சுவையான விஷயம் யாரும் கவனிக்காமல் போனது. டைமெத்தில் சல்ஃபைடு வந்தாலே உயிர் என்ற அடிப்படையே ஆடிப்போயிருக்கிறது. 67பி வால்மீனுக்குப் போன ரொசெட்டா விண்கலத்தின் தரவில் அந்த மூலக்கூறு இருப்பதை 2024இல் காட்டினார்கள். உயிரே இல்லாத பனிப்பந்து அது. மெரினாவில் மூக்கில் ஏறுகிற கடல் வாடையில் ஒரு பங்கு இந்த வாயுவுடையது. அதே வாயு உயிரில்லாமலும் உருவாகும் என்று தெரிந்துகொண்டது, கோளில் இருக்கிறதா இல்லையா என்ற சண்டையை விட எனக்குப் பெரிதாகப் படுகிறது.

மொட்டைமாடி

எல்லாரும் பயந்தாங்கொள்ளிகள் என்று சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். கொரட்டூரில் மொட்டைமாடி, எட்டு அங்குல டாப்சோனியன் தொலைநோக்கி. அட்லஸைப் பிடிக்க டிசம்பரில் எவ்வளவோ மல்லுக்கட்டினேன். பருவமழை மேகமும் பக்கத்து அடுக்குமாடியின் எல்இடி விளக்கும் விடவில்லை.

வாத்தியாரே, அந்தப் பையனிடம் 'இல்லவே இல்லை' என்று எப்படிச் சொல்கிறீர்கள்? கோள்கள் சுற்றும் தளத்துக்கு ஐந்து பாகை சாய்வுக்குள் வந்து நுழைகிறது. செவ்வாய்க்கு மூன்று கோடி கிலோமீட்டர் பக்கத்தில் போகிறது. நிக்கல் வருகிறது, இரும்பைக் காணோம். இது யாரோ செய்து அனுப்பியதோ என்று ஹார்வர்டின் வானியலாளர் ஆவி லோப் கேட்டால் மட்டும் எல்லாரும் சிரிக்கிறார்கள். அக்டோபரில் செவ்வாய்ச் சுற்றுக்கலம் எடுத்த படத்தை நாசா நவம்பர் 19 வரை ஏன் வெளியிடவில்லை? ரேடியோ சிக்னல் வந்ததாகவும் செய்தி வந்ததே?

தரமணி_தவளை

கடைசியிலிருந்து வருகிறேன்.

ரேடியோ: தென்னாப்பிரிக்காவின் மீர்கேட் ரேடியோ தொலைநோக்கி அக்டோபர் 24 அன்று பார்த்தது, ஹைட்ராக்சில் மூலக்கூறு ரேடியோ அலையை உறிஞ்சுகிற இரண்டு கோடுகள், 1665, 1667 மெகாஹெர்ட்ஸில். தண்ணீர் சூரிய ஒளியில் உடைந்தால் ஹைட்ராக்சில் வரும். எல்லா வால்மீனிலும் தேடுகிற கோடுகள் அவை. யாரும் எதையும் அனுப்பவில்லை. தலைப்பு எழுதினவருக்கு 'ரேடியோ' என்ற ஒரு சொல் போதுமாயிருந்தது.

நாசா: அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை அமெரிக்க அரசே பட்ஜெட் தகராறில் மூடிக் கிடந்தது. திறந்த அடுத்த வாரம் படங்கள் வந்தன. மங்கலான பஞ்சு உருண்டை, அவ்வளவுதான்.

நிக்கல்: 2021இலேயே, நம் சூரியக் குடும்பத்து வால்மீன்களிலும், வெளியிலிருந்து வந்த போரிசோவ் வால்மீனிலும் நிக்கல் ஆவி பார்த்தாகிவிட்டது. அட்லஸில் முதலில் நிக்கல் மட்டும் தெரிந்தது விநோதம்தான். சூரியனை நெருங்கிய பிறகு இரும்பும் தெரிந்தது.

இப்போது உங்களுக்கு நான் தரக்கூடியதைத் தருகிறேன். கப்பல் இல்லாவிட்டால் சாதாரணம் என்று யார் சொன்னது? 2025 ஜூலை 1 அன்று சிலியில் உள்ள அட்லஸ் தொலைநோக்கி அதைக் கண்டது. நமக்கு வெளியிலிருந்து வந்ததாக உறுதியான மூன்றாவது பொருள். 2017இல் ஓமுவாமுவா, 2019இல் கிரிமியாவில் ஒரு ஆர்வலர் தன் சொந்தத் தொலைநோக்கியில் பிடித்த போரிசோவ், பிறகு இது. எங்கோ தூரத்திலிருந்தே வினாடிக்கு 58 கிலோமீட்டர் வேகத்தோடு வந்தது. மனிதன் அனுப்பியதில் வெகுதூரம் போயிருக்கிற வாயேஜர் 1 சுமார் 17 தான். சூரியனால் இதைப் பிடித்து வைக்கவே முடியாது. ஆகஸ்டில் ஜேம்ஸ் வெப் பார்த்தபோது, தண்ணீரைப் போல எட்டு மடங்கு கரியமில வாயு வந்துகொண்டிருந்தது. நம் வால்மீன்கள் பொதுவாக அப்படி இருக்காது. வேறு ஏதோ விண்மீனைச் சுற்றிய குளிர்ந்த வட்டில் உறைந்த கட்டி, சூரியனை விட வயதானதாகக்கூட இருக்கலாம். இன்னொரு விண்மீனின் சமையலறையில் என்னென்ன சரக்கு இருந்தது என்று நாம் அங்கே போகாமலே தெரிகிறது. இதை விட்டுவிட்டுக் கப்பலைத் தேடுகிறீர்களே!

மொட்டைமாடி

ஓமுவாமுவாவுக்கு என்ன பதில்? வால் இல்லை, வாயு தெரியவில்லை, ஆனால் வேகம் மட்டும் கூடியது.

தரமணி_தவளை

2023இல் ஒரு விளக்கம் வந்தது: பனிக்குள் சிக்கியிருந்த ஹைட்ரஜன் சூடேறி வெளியேறித் தள்ளியிருக்கலாம் என்று. எல்லாரும் ஏற்கவில்லை. பொருள் போயே போய்விட்டது, இனி சரிபார்க்க வழியில்லை. அதைத் திறந்த கேள்வியாகவே விடுகிறேன். கேள்வி திறந்திருக்கிறது என்பதற்காகக் கப்பல் உள்ளே நுழைய முடியாது.

மொட்டைமாடி

நுழையக்கூடாது என்றும் இல்லை.

பெரம்பூர்_டீச்சர்

இப்போதுதான் பேப்பர் திருத்தி முடித்தேன், உள்ளே வரலாமா? ஒன்பது, பத்துக்கு அறிவியல் எடுக்கிறேன்.

வாத்தியார் சார், நீங்கள் சொன்ன நாலு உதாரணங்களையும் ஒரே கூடையில் போடுவதுதான் சிக்கல். பார்த்தது ஒன்று, அதற்குச் சொன்ன காரணம் இன்னொன்று. பைசெப் பார்த்த ஒளியின் முறுக்கு அங்கேதான் இருந்தது, காரணம்தான் தூசு. அட்லஸின் பாதை அப்படியே இருக்கிறது, கப்பல் என்ற பேச்சுதான் கழன்றது. வெள்ளியிலும் கே2-18பியிலும் மட்டும் பார்த்ததே சந்தேகம். பிள்ளைகளுக்கு இந்த வித்தியாசம் புரியாது என்று நினைக்கிறீர்கள். என் வகுப்பில் புரிகிறது. "டீச்சர், அவங்க பாத்தது கோடா, வாயுவா?" என்று போன வாரம் ஒரு பெண் கேட்டாள். கே2-18பி வரைபடத்தைப் பலகையில் போட்டுக் காட்டினேன், புள்ளிகளும், அளவு எவ்வளவு தப்பியிருக்கலாம் என்று காட்டும் பிழைக்கோடுகளும். ஒவ்வொரு புள்ளியின் பிழைக்கோடும் அந்த மேட்டை விட நீளமாக இருப்பதை அவளே வந்து ஸ்கேல் வைத்து அளந்துவிட்டுப் போனாள்.

பல்சர் கதையை எல்லாரும் சொல்கிறோம். 1967இல் ஜோசலின் பெல் 1.33 வினாடிக்கு ஒரு துடிப்பைப் பார்த்தார். கேலியாகச் 'சின்னப் பச்சை மனிதர்கள்' என்று பெயர் வைத்தார்கள். பச்சை மனிதர்கள் போனார்கள், துடிப்பு போகவில்லை, நியூட்ரான் விண்மீன் கிடைத்தது. 1968இல் உங்கள் வாத்தியார் அதை உங்களுக்குச் சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்?

அயனாவரம்_வாத்தியார்

டீச்சரம்மா, உங்கள் வகுப்பு உங்களிடம் வருடம் முழுக்க இருக்கிறது. என்னிடம் ஒரு மணி நேரம். நான் போன பிறகு 'அந்த சார் சொன்னார்' என்பது மட்டும்தான் அங்கே மிச்சம். 'பார்த்தது, காரணம்' என்று பிரிக்கிற வேலையை நிதானமாகச் செய்ய நேரம் வேண்டும். அவசரத்தில் சொன்னால் பிள்ளையின் காதில் விழுவது 'உயிர்' என்ற ஒரே சொல்தான்.

பல்சரில் ஒன்றை விட்டுவிட்டீர்கள். அவர்கள் உடனே ஊரைக் கூட்டவில்லை. 1967 நவம்பரில் துடிப்பு தெளிவானது. வானத்தின் வேறு மூலையில் இரண்டாவது ஒன்று கிடைத்த பிறகுதான், 1968 பிப்ரவரியில் கட்டுரை வந்தது. காத்திருப்பு என்றால் நான் சொல்வது அதைத்தான்.

தரமணி_தவளை

மூன்று மாதம் சார். பத்து வருடம் இல்லை. உங்கள் உதாரணமே உங்கள் விதியை உடைக்கிறது. அவர்கள் காத்தது காலத்துக்காக இல்லை, இரண்டாவது துடிப்புக்காக.

கடற்கரை_காத்து

டீ சொல்லிவிட்டு வந்தேன். யாராவது மைக்ரோவேவ் அடுப்புக் கதையைச் சொல்லுங்கள், இன்னும் வரவில்லையே என்று காத்திருக்கிறேன்.

தரமணி_தவளை

சொல்கிறேன், இது என் துறை.

ஆஸ்திரேலியாவில் பார்க்ஸ் தொலைநோக்கி, 64 மீட்டர் தட்டு. 2001இல் பதிவான தரவில், சில மில்லி வினாடியே நீடித்த பயங்கர வலுவான ஒரு ரேடியோ வெடிப்பை லோரிமர் குழு 2007இல் கண்டெடுத்தது. அதிக அலைவரிசை முதலில் வந்து, குறைந்த அலைவரிசை பின்தங்கி வந்தது. வழியில் எவ்வளவு எலக்ட்ரான் இருக்கிறதோ அவ்வளவு பின்தங்கும். கணக்குப் போட்டால் பால்வெளிக்கு வெகு அப்பாலிருந்து வந்திருக்க வேண்டும்.

பிறகு அதே பார்க்ஸில், ஏறக்குறைய அதே பின்தங்கலோடு வேறு வெடிப்புகளும் தட்டுப்பட்டன. ஆனால் இவை தட்டு எந்தப் பக்கம் பார்த்தாலும் வந்தன. அதிலும் பகலில், வேலை நாளில், சாப்பாட்டு நேரத்தை ஒட்டி! பெரிட்டான் என்று பெயர் வைத்துப் பல வருடம் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். 2015இல் எமிலி பெட்ராஃப் என்ற ஆய்வு மாணவியும் குழுவும் வளாகத்துக்குள்ளேயே ஒரு குறுக்கீட்டு அளவியை வைத்துப் பிடித்தார்கள். அடுப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது நேரம் முடியும்வரை பொறுக்காமல் யாரோ கதவைத் திறந்தால், அலையை உண்டாக்கும் மேக்னட்ரான் அணைகிற அந்த ஒரு கணத்தில் கசிகிற அலை. அதைத் தட்டு பிடித்திருக்கிறது. வேண்டுமென்றே கதவைத் திறந்து திறந்து பார்த்து உறுதி செய்தார்கள்.

இதைக் கேட்டு எல்லாரும் சிரிப்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். அடுப்பைப் பிடித்ததால்தான் லோரிமர் வெடிப்பு பிழைத்தது! எது போலி என்று கையெழுத்து தெரிந்துவிட்டதால், மிச்சம் இருந்ததை நம்ப முடிந்தது. 2020 ஏப்ரல் 28 அன்று நம் பால்வெளிக்குள்ளேயே ஒரு மேக்னட்டாரிலிருந்து (காந்தப்புலம் மிக வலுவான நியூட்ரான் விண்மீன்) அப்படியொரு வெடிப்பு வந்ததைக் கனடாவின் சைம் தொலைநோக்கியும் அமெரிக்காவின் ஸ்டேர்2வும் தனித்தனியாகப் பிடித்தன. இன்று ஆயிரக்கணக்கில் பதிவாகியிருக்கிறது. விண்மீன் மண்டலங்களுக்கு நடுவில் எங்கே எவ்வளவு பொருள் சிதறியிருக்கிறது என்று எடை போடவே அவற்றைப் பயன்படுத்துகிறார்கள்.

2025 மே மாதம் அறிவித்த, ஆஸ்திரேலியாவின் ஆஸ்காப் ரேடியோ தொலைநோக்கி கண்ட ஒன்று, 44 நிமிடத்துக்கு ஒருமுறை ரேடியோவிலும் எக்ஸ் கதிரிலும் சேர்ந்து துடிக்கிறது. நியூட்ரான் விண்மீன் இவ்வளவு மெதுவாகச் சுற்றி ரேடியோ அலை அனுப்பக்கூடாது என்று பாடப்புத்தகம் சொல்கிறது. வெண்குள்ளனா, மேக்னட்டாரா, இன்னும் தெரியாது. அது துடிக்கிறது என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகமில்லை, இரண்டு விதமான தொலைநோக்கிகள் பார்த்தாகிவிட்டது. வாத்தியார் சார் விதிப்படி இது 2035க்கு. என் விதிப்படி நாளைக்கே சொல்லலாம்.

அம்பத்தூர்_குவாலிட்டி

சரி, தனித்தனியான இரண்டு கருவி என்ற விதிக்கு நான் இறங்கி வருகிறேன். வருடக் கணக்கை விட அது எனக்குப் புரிகிற மொழி. ஆனால் அதிலும் ஓட்டை இருக்கிறது, பாருங்கள். வெப்பும் ஹபிளும் ஒரே அண்ட விரிவு வேகத்தைத்தான் சொல்கின்றன, ஏறக்குறைய 33 லட்சம் ஒளியாண்டு தூரத்துக்கு வினாடிக்குச் சுமார் 73 கிலோமீட்டர். பிளாங்க் செயற்கைக்கோள் ஆதி ஒளியிலிருந்து கணக்கிட்டுச் சொல்வது 67. கருவி பல, குழு பல, வருடமும் பத்துக்கு மேல் ஆகிவிட்டது. உங்கள் இரண்டு விதிகளும் இங்கே பாஸ். ஆனால் எது சரி? இரண்டில் ஒன்று தப்பா, இரண்டும் சரியாக இருந்து கோட்பாடு தப்பா? இதைப் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வீர்கள்?

இன்னொன்று, அண்டத்தின் விரிவை வேகப்படுத்துவதாகச் சொல்கிற இருள் ஆற்றல். 2025 மார்ச்சில் டெசி குழு ஒன்றரைக் கோடி விண்மீன் மண்டலங்களையும் குவேசார்களையும் வைத்து, இருள் ஆற்றல் காலப்போக்கில் வலுவிழக்கலாம் என்றது. எந்தத் தரவோடு சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து 2.8 முதல் 4.2 சிக்மா வரை. சேர்க்கிற சரக்கை மாற்றினால் விடை மாறுகிறது என்றாலே என் தொழிற்சாலையில் அந்த லாட்டை நிறுத்தி வைப்பேன்.

தரமணி_தவளை

அவர்களும் நிறுத்தித்தான் வைத்திருக்கிறார்கள் அண்ணா. ஐந்து வரவில்லை என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். 2023 ஜூனில் பல்சர் துடிப்புகளின் நேரத்தை அளக்கிற குழுக்கள் ஈர்ப்பலைகளின் அடியோட்டம் கேட்கிறது என்றபோதும் இதே நிதானம்தான். அதில் நம் ஆட்களும் உண்டு. புனே பக்கம் நாராயண்காவ் ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கித் தட்டுகளின் தரவு, அதை அலசியவர்களில் இதே தரமணியின் கணித அறிவியல் நிறுவனத்தினரும் இருக்கிறார்கள். அமெரிக்கக் குழு 15 வருடத் தரவை வைத்துக்கொண்டுதான் வாயைத் திறந்தது. அந்த அடக்கம் தலைப்புச் செய்தியாகாது, அதனால் உங்கள் கண்ணில் படாது.

பெரம்பூர்_டீச்சர்

73க்கும் 67க்கும் உள்ள சண்டையைச் சொல்லலாம், குவாலிட்டி சார். பிள்ளைகள் அதை ரசிப்பார்கள். இரண்டு பேர் ஒழுங்காக அளந்து இரண்டு விடை வருகிறது, ஏன் என்று யாருக்கும் தெரியாது என்றால் வகுப்பே நிமிர்ந்து உட்காரும்.

இதைவிட என் பிள்ளைகளுக்குப் பிடித்தது சின்னச் சிவப்புப் புள்ளிகள். ஜேம்ஸ் வெப் வேலை தொடங்கியதும் எந்தப் பக்கம் பார்த்தாலும் குட்டியாக, சிவப்பாக. பெரும்பாலானவை அண்டம் பிறந்து அறுபது கோடி வருடத்திலிருந்து நூற்றைம்பது கோடி வருடம் வரையிலான காலத்தவை. 2023 பிப்ரவரியில் ஆறு சிவப்புப் பொருள்களை வைத்து, இவ்வளவு சீக்கிரம் இவ்வளவு பெரிய விண்மீன் மண்டலங்கள் எப்படி என்று கேட்டார்கள். உடனே பெருவெடிப்பே பொய் என்று காணொளிகள். இப்போது பார்த்தால் ஒளியில் பெரும்பகுதி கருந்துளையிலிருந்து வரலாம், அப்படியானால் அத்தனை விண்மீன்கள் தேவையில்லை. ஆனால் கருந்துளை என்றால் எக்ஸ் கதிர் வரவேண்டும், அதையும் சரியாகக் காணோம். அடர்த்தியான ஹைட்ரஜன் போர்வைக்குள் கருந்துளை உட்கார்ந்து, வெளியிலிருந்து பார்க்க விண்மீன் மாதிரியே ஒளிர்கிறதோ என்று 2025இல் ஒரு யோசனை வந்திருக்கிறது. பெருவெடிப்பு எங்கும் போகவில்லை. கருந்துளை எப்படி வளர்ந்தது என்ற அத்தியாயம்தான் கிழிந்திருக்கிறது.

வாத்தியார் சார், தைப்பொங்கல் விடுமுறை முடிந்து எங்கள் பள்ளிக்கு வாருங்கள். இரண்டு மணி நேரம் தருகிறேன். சிவப்புப் புள்ளி இருக்க வேண்டும்.

அயனாவரம்_வாத்தியார்

வருகிறேன். விதியை மொத்தமாக எடுக்கமாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'உயிர்' என்ற சொல் வருகிற எதற்கும் பத்து வருடம் அப்படியே இருக்கும். வெள்ளியும் கிடையாது, கே2-18பியும் கிடையாது. தவளைத் தம்பி எவ்வளவு கத்தினாலும் சரி. அந்தச் சொல்லைக் கேட்டபிறகு பிழைக்கோட்டை யாரும் பார்ப்பதில்லை, பெரியவர்களே பார்ப்பதில்லை.

சிவப்புப் புள்ளிகளைச் சேர்க்கிறேன், படங்களை அனுப்புங்கள். 44 நிமிடத் துடிப்பையும் சேர்க்கலாம், அதற்குத் தவளை கூட வந்து நின்றால். பிள்ளைகளின் கேள்விக்கு அவரே பதில் சொல்லட்டும். அட்லஸின் பாதையைக் கரும்பலகையில் நானே போடுவேன். நீள்வட்டம், பரவளையம், அதிபரவளையம் என்று கெப்ளரிலிருந்து நேராக அங்கே போய்விடலாம். நுங்கம்பாக்கத்து ஜேக்கப் கதை எனக்கு வேண்டும். தம்பி, எங்கே படித்தீர்கள் என்று தனிச்செய்தியில் சொல்லவும்.

தரமணி_தவளை

வருகிறேன் சார். ஆனால் உயிருக்கு மட்டும் தனிச்சட்டம் என்பதை அங்கே வைத்தே எதிர்ப்பேன். பிள்ளைகள் கேட்கப்போகிற முதல் கேள்வியே அதுதான், அதற்கு நீங்கள் வாயை மூடிக்கொண்டால் யூடியூப் பதில் சொல்லும்.

மொட்டைமாடி

டாப்சோனியனை நான் கொண்டுவருகிறேன். ஏலியனைப் பற்றி என்னிடம் கேட்டால் நான் பொய் சொல்லமாட்டேன், இப்போதே சொல்லிவிட்டேன்.

அம்பத்தூர்_குவாலிட்டி

நானும் வருகிறேன். கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஆளாளுக்கு எத்தனை தடவை 'இருக்கலாம்' என்று சொன்னீர்கள், எத்தனை தடவை அதை விழுங்கினீர்கள் என்று குறித்துக்கொள்வேன். தவளைக்குத் தனிப் பக்கம்.